அண்டை வீட்டார் வாசலோடு நிற்கலாமா?

அந்தி மயங்கும் நேரம். மஃரிப் தொழுகை முடிந்து மக்கள் வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். பள்ளிவாசலின் படிக்கட்டருகே, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் சாய்த்தபடி தாய்மார் சிலர் காத்து நிற்கின்றனர். நெற்றியில் குங்குமம் துலங்க நிற்போர் அவர்களுள் பலர். தொழுது வருவோர் ஒவ்வொருவராக நின்று, இறைமொழியை ஓதிக் குழந்தையின் முகத்தில் மெல்ல ஊதிவிட்டுச் செல்கின்றனர். தாயின் முகம் தெளிகிறது. தமிழகத்தின் ஊர்கள் பலவற்றில் இக்காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். உங்களுள் சிலர் அவ்வாறு தோளில் சாய்ந்து நின்ற குழந்தையாகவே இருந்திருக்கவும் கூடும்.

கண்ணுக்கினிய இக்காட்சியினுள் ஒரு கேள்வியும் மறைந்து கிடக்கிறது. அந்தத் தாய் வாசல்வரை வருகிறார். அவருடைய தாயும் வாசல்வரை வந்தார். வாசலுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை இருவருமே அறியார். உள்ளே உருவம் ஏதும் இல்லையாமே, பின் எதனை நோக்கித் தலை தாழ்த்துகிறார்கள் என்று அவர் தம் மனத்துள் எண்ணியிருப்பார், நம்மிடம் கேட்டதில்லை. "உள்ளே வந்து பாருங்கள், அம்மா" என்று நாமும் அழைத்ததில்லை. நூற்றாண்டுக் கணக்கில் ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒரு படிக்கட்டை நாம் இன்னும் கடக்கவில்லை.

இப்படிக்கட்டைக் கடப்பதையே இன்று உலகின் பல பகுதிகளில் முஸ்லிம்கள் ஒரு பணியாக மேற்கொண்டுள்ளனர். பிற சமயத்து அண்டை வீட்டாரைப் பள்ளிவாசலுக்குள் விருந்தினராக அழைக்கின்றனர். 'இது மேல்நாட்டுப் புதுமை. மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?' என்று சிலர் ஐயுறுகின்றனர். 'ஊர் வாயை அடைக்க ஒரு விளம்பரம்' என்று வேறு சிலர் கருதுகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களையும் நாம் சற்று நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

புதுப்பித்தல் எது?

ஒவ்வொரு நூற்றாண்டின் தலைப்பிலும் இச்சமுதாயத்துக்காக அதன் மார்க்கத்தைப் புதுப்பிப்போரை இறைவன் எழுப்புவான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னறிவித்ததை அபூதாவூத் தொகுப்பு தாங்கி நிற்கிறது. இப்பணியினை 'தஜ்தீத்' என்பர். புதுப்பித்தல் என்றவுடன் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து சேர்ப்பது என்று கொள்ளலாகாது. துரு ஏறிய வாளைத் துலக்குவோன் வாளுக்குப் புதிய இரும்பைச் சேர்ப்பதில்லை. முன்பிருந்த ஒளியை மீட்கிறான்.

முதல் நூற்றாண்டின் புதுப்பிப்பாளர் எனச் சான்றோரால் போற்றப்படும் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ், கி.பி. 717 முதல் 720 வரை ஏறத்தாழ மூன்றாண்டுகளே ஆண்டார். அதற்குள் அவர் செய்ததெல்லாம், அரச ஆடம்பரத்தில் புதைந்து கிடந்த பழைய நீதியைத் தோண்டி எடுத்ததேயாம். ஆகவே ஒரு செயல் மார்க்கப் புத்துயிர்ப்பா, வெறும் புதுமையா என்றறிய ஒரே ஓர் உரைகல்தான் உண்டு. அண்ணலாரின் காலத்தில் அது இருந்ததா? அதனைத்தான் நாம் பார்த்தல் வேண்டும்.

மதீனத்துப் பள்ளியின் விருந்தினர்

பேரீச்ச மரங்களே தூண்கள், அவற்றின் ஓலையே கூரை, வெயிலில் உலர்ந்த செங்கல்லே சுவர். இதுவே மதீனாவில் பெருமானார் எழுப்பிய பள்ளி. தொழுமிடமும் அதுவே, கல்விக்கூடமும் அதுவே, வீடற்ற ஏழைத் தோழர்கள் தங்கிய திண்ணையும் அதனுள்ளேதான். பிற நாட்டுத் தூதர்களையும் அயல் குலத்தாரையும் நாயகம் வரவேற்ற மண்டபமும் அப்பள்ளியே.

யமாமா நாட்டின் தலைவர்களுள் ஒருவர் ஸுமாமா இப்னு உஸால். முஸ்லிம்களின் கடும் பகைவரான அவர் சிறைப்பட்டு வந்தபோது, பள்ளியின் தூண் ஒன்றில் கட்டப்பட்டார். நாள்தோறும் நாயகம் அவரிடம் சென்று, அவர் மனநிலையை வினவினார்கள். மூன்றாம் நாள், எந்த ஈடும் பெறாமல், எந்த நிபந்தனையும் இன்றி, அவரை அவிழ்த்துவிடுமாறு பணித்தார்கள். விடுதலை பெற்றவர் ஓடிவிடவில்லை. அருகிலிருந்த தோப்புக்குச் சென்று நீராடித் தாமாகவே திரும்பி வந்து இஸ்லாத்தை ஏற்றார். முன்பு தமக்கு மிக வெறுப்பாயிருந்த முகம் இப்பொழுது மிக அன்புக்குரியதாகிவிட்டது என்று கூறினார். மூன்று நாள் அவர் கண்டது என்ன? வரிசையாய் நின்று தொழுவோரையும், எளியோரும் செல்வரும் தோளோடு தோள் சேர்வதையும், தலைவர் தம் தோழர்களுடன் பழகும் பாங்கினையும் அல்லவா? இந்நிகழ்ச்சி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு பெரும் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது.

அடுத்து, ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டின் ரமளான் மாதம். தாயிஃப் நகரின் ஸகீஃப் குலத்தார் தூது வந்தனர். தாயிஃப் என்றால் நினைவுக்கு வருவது எது? ஆறுதல் நாடிச் சென்ற நாயகத்தைக் கல்லால் அடித்து, பாதங்களில் குருதி வடிய விரட்டிய ஊர் அது. அவ்வூரார் உருவ வணக்கத்தைக் கைவிடாத நிலையிலேயே மதீனா வந்து சேர்ந்தனர். அவர்களுக்குப் பள்ளியின் வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தரப்பட்டது. ஓதலைச் செவியுற்று, தொழுகையைக் கண்ணுற்று அவர்தம் நெஞ்சம் இளகவேண்டும் என்பதே நாயகத்தின் நோக்கமாக இருந்தது. கல்லெறிந்த கைகளுக்குத் திறந்த கதவு அது.

நஜ்ரான் நாட்டுக் கிறிஸ்தவர்களின் வருகை இன்னும் வியப்புக்குரியது. அறுபது பேர் கொண்ட அக்குழுவினர் பள்ளியில் இருந்தபோது அவர்களின் வழிபாட்டு நேரம் வந்தது. அவர்கள் அங்கேயே கிழக்கு நோக்கி வழிபட்டனர் என்றும், தடுக்க முனைந்தோரிடம் அவர்களை விட்டுவிடுமாறு நாயகம் கூறினார்கள் என்றும் வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் குறிக்கிறார். அக்குழுவினர் கொள்கையில் உடன்படவில்லை. உடன்படிக்கை செய்துகொண்டு தம் சமயத்திலேயே ஊர் திரும்பினர். அதனால் விருந்தோம்பல் வீணாயிற்று என்று யாரும் சொல்லவில்லை.

ழிமாம் இப்னு ஸஃலபா என்ற பாலைவனவாசியின் கதையையும் கேளுங்கள். ஒட்டகத்தில் ஏறிப் பள்ளிக்கே வந்து, அதனை மண்டியிடச் செய்து கட்டிவிட்டு, இங்கே முஹம்மது யார் என்று வினவினார். தாம் கடுமையாகவே கேட்கப்போவதாகவும் அதனால் வருந்தலாகாது என்றும் முன்கூட்டியே சொன்னார். விரும்பியதைக் கேளும் என்பதே நாயகத்தின் மறுமொழி. பின் ஒவ்வொன்றாக அவர் கேட்க, ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை கிடைத்தது. யாரும் அவரை அதட்டவில்லை. அவருடைய நோக்கத்தை ஐயுறவும் இல்லை.

சட்ட மேதைகள் கூறுவது

'இணைவைப்போர் இறையில்லத்தை நெருங்கலாகாது என்று திருமறையிலேயே இருக்கிறதே?' என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஒன்பதாம் அத்தியாயத்தின் 28-ஆம் வசனம் மக்கத்து மஸ்ஜிதுல் ஹராமைப் பெயர் சுட்டியே பேசுகிறது. அதனை எல்லாப் பள்ளிகளுக்கும் விரிக்கலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாலிகீ சட்ட வழியினர், தேவையின்றிப் பிற சமயத்தார் எப்பள்ளியிலும் நுழைதல் கூடாது என்பர். ஷாஃபிஈ வழியினர், அத்தடை மக்காவின் புனித எல்லைக்கே உரியது. பிற பள்ளிகளில் முஸ்லிம்களின் அனுமதியோடு நுழையலாம் என்பர். ஹனஃபீ வழியினர் இதிலும் விரிவான இசைவு தருவர்.

தமிழ் முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இவ்விரு வழிகளையே பின்பற்றுகின்றனர். எனவே நம்மவரின் கதவை மூடி வைத்திருப்பது சட்டம் அன்று, பழக்கமே. மாலிகீ வழி நிலவும் மொராக்கோவிலுங்கூட, 1993-இல் காஸாபிளாங்காவில் திறக்கப்பெற்ற இரண்டாம் ஹஸன் பள்ளிவாசலை வழிகாட்டியின் துணையோடு பிற சமயத்தார் உட்புகுந்து காண்கின்றனர். அதே ஒன்பதாம் அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். இணைவைப்போருள் ஒருவர் அடைக்கலம் நாடினால், இறைமொழியை அவர் செவியேற்கும்வரை அடைக்கலம் தந்து, பின்பு அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்குமாறு அது கட்டளையிடுகிறது. செவியேற்க வேண்டுமாயின் அவர் நமக்கருகே வரவேண்டும் அல்லவா?

ஜெர்மனியின் அக்டோபர் மூன்றாம் நாள்

1961 அக்டோபர் 30-ஆம் நாள் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி துருக்கியத் தொழிலாளர்கள் ஜெர்மானியத் தொழிற்சாலைகளுக்கு வந்து குவிந்தனர். சில ஆண்டுகளில் ஊர் திரும்புவோம் என்று எண்ணியே வந்தவர்கள், நாளடைவில் மனைவி மக்களுடன் அங்கேயே வேர்விட்டனர். பழைய கிடங்குகளும் கட்டடங்களின் பின்முற்றங்களுமே அவர்களுக்குப் பள்ளிவாசலாயின. தெருவில் செல்வோருக்கு அங்கொரு பள்ளி இருப்பதே தெரியாது. தெரியாத இடத்தைப் பற்றி மனிதர் என்ன எண்ணுவர்? அச்சம் தரும் கதைகளைத்தான் எண்ணுவர்.

அவ்வச்சம் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 1992 நவம்பரில் மோல்ன் நகரிலும், 1993 மே மாதம் சோலிங்கன் நகரிலும் துருக்கியக் குடும்பங்களின் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. முன்னதில் மூவரும் பின்னதில் ஐவரும் மாண்டனர். இறந்தோரில் பெண்களும் சிறுமியருமே இருந்தனர். இத்தகைய கொடுமைக்குப் பின் ஒரு சமுதாயம் கதவை இறுகச் சாத்திக்கொண்டால் யார் அதனைக் குறை கூற முடியும்?

அவர்களோ மறுவழியைத் தேர்ந்தனர். ஜெர்மானிய முஸ்லிம்களின் மத்திய அவையின் முன்முயற்சியால் 1997-இல் 'திறந்த பள்ளிவாசல் நாள்' தோன்றியது. அதற்கென அவர்கள் தெரிந்தெடுத்த தேதி அக்டோபர் 3. இரு ஜெர்மனிகளும் 1990-இல் ஒன்றான நாள் அது; நாடு முழுவதற்கும் விடுமுறை. 'உங்கள் ஒற்றுமைத் திருநாளில் நாங்களும் உங்களோடு இருக்கிறோம்' என்று வாயால் சொல்லாமல் தேதியால் சொல்லிவிட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் திறந்திருக்கின்றன. அண்டை வீட்டார் வந்து தொழுகையைப் பார்க்கின்றனர், ஐயங்களைக் கேட்கின்றனர், தேநீர் அருந்துகின்றனர். 2007-இல் உருவான முஸ்லிம் ஒருங்கிணைப்பு மன்றம் இப்பணியைத் தொடர்ந்து நடத்திவருகிறது.

பவேரியா மாநிலத்தின் பென்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில் 2005-இல் எழுந்த பள்ளிவாசல் இந்நோக்கத்தையே கட்டடமாக்கியது. பின்முற்றத்தில் ஒளிந்திருந்த பள்ளிகளின் நாட்டிலே, தெருவிலிருந்து பார்த்தாலே உள்ளே தெரியும்படி அகன்ற கண்ணாடிகளோடு அது நிற்கிறது. அதன் மினாரா ஓசை எழுப்புவதில்லை. தொழுகை அழைப்பின் சொற்களே எஃகுத் தகட்டில் எழுத்தாய்ச் செதுக்கப்பட்டு, மினாராவின் உடலாகிவிட்டன. அங்கு உரை ஜெர்மன் மொழியில் நிகழ்வதால், அண்டை வீட்டாருக்கும் அது விளங்குகிறது. அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் இளைஞருக்கும் விளங்குகிறது. விருந்தினருக்காகச் செய்த ஏற்பாடு வீட்டுப் பிள்ளைக்குப் பயன்படுவதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இதனைப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

தேநீரும் பந்தும்

இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒரு சிறிய பள்ளிவாசல் உண்டு. 2013 மே 22-ஆம் நாள் லண்டனின் வுல்விச் பகுதியில், இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிய இருவர் இராணுவ வீரர் ஒருவரைப் பட்டப்பகலில் கொன்றனர். நாடு கொதித்தது. நான்கே நாளில், மே 26 ஞாயிறன்று, யார்க் பள்ளிவாசலின் முன் கண்டனம் முழங்க முஸ்லிம் எதிர்ப்பு அமைப்பொன்று ஆளழைத்தது.

பள்ளியின் நிர்வாகத்தினர் கதவை அடைத்துவிட்டுப் போலீஸாரிடம் பொறுப்பை விட்டிருக்கலாம். அவர்களோ தேநீரையும் பிஸ்கட்டையும் எடுத்து வைத்தனர். ஆதரவு காட்ட நகரத்து மக்கள் திரளாய் வந்திருந்தனர். கண்டனம் செய்ய வந்தோரோ ஒரு சிலரே. அவர்களிடமும் தேநீர் நீட்டப்பட்டது. பேச்சு தொடங்கியது. அவர்களுள் சிலர் உள்ளே வந்து அமர்ந்து உரையாடினர். ஈற்றில் இரு தரப்பு இளைஞரும் சேர்ந்து பந்து விளையாடினர். ஒரு கோப்பைத் தேநீர், அன்று உரத்த முழக்கங்களை அடக்கிவிட்டது.

2015 பிப்ரவரியில் பிரிட்டன் முஸ்லிம் மன்றம் 'என் பள்ளிவாசலுக்கு வாருங்கள்' என்னும் பொருளில் ஒரு நாளைத் தொடங்கியது. முதலாண்டில் ஏறத்தாழ இருபது பள்ளிகளே பங்கேற்றன. 2018-இல் அத்தொகை இருநூறைத் தாண்டிற்று.

லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசலின் வரலாறு இதில் தனிப்பாடம். ஒரு காலத்தில் அபூ ஹம்ஸா என்பாரின் வெறுப்புரைகளால் அதன் பெயர் உலகெங்கும் கெட்டது. 2003 ஜனவரியில் போலீஸார் அதனுள் புகுந்து சோதனையிட்டனர், பள்ளி மூடப்பட்டது. 2005-இல் புதிய அறங்காவலர்கள் பொறுப்பேற்று, வெறுப்பாளரை விலக்கி, அக்கம்பக்கத்தாருக்குக் கதவைத் திறந்தனர். ஒரு பள்ளிவாசல் சீர்கெடுவதற்கும் அது மூடிய கூடாரமாவதற்கும் உள்ள தொடர்பை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது. அண்டை வீட்டார் வந்து அமரும் பள்ளியில் வெறுப்புரை நிகழ்த்த யாருக்கு நா எழும்?

கண்ணாடிச் சுவர் மட்டும் போதுமா?

குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஜெர்மனியின் கொலோன் நகரில் பெரும் பள்ளிவாசல் ஒன்று எழுந்தது. கிறிஸ்தவ ஆலயங்களைக் கட்டிப் புகழ்பெற்ற குடும்பத்தில் வந்த பவுல் போம் அதனை வடிவமைத்தார். மொட்டு இதழ் விரிவது போன்ற சுவர்கள், இடையிடையே கண்ணாடி. திறந்த மனத்தின் சின்னம் என்றே அதனைப் போற்றினர். கடும் எதிர்ப்புக்கிடையே அதற்காகக் குரல் கொடுத்த பிற சமயத்தார் அந்நகரில் பலர் இருந்தனர்.

2018 செப்டம்பர் 29-ஆம் நாள், துருக்கிக் குடியரசுத் தலைவர் வந்து அதனைத் திறந்து வைத்தார். பாதுகாப்புக்காகத் தெருக்கள் அடைக்கப்பட்டன. நகரத்து மேயர் கலந்துகொள்ளவில்லை. இத்தனை ஆண்டுகள் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கு அத்திறப்பு விழாவில் உரிய இடம் இல்லாமற்போயிற்று என்ற மனக்குறை அந்நகரில் எழுந்தது. கட்டடம் கண்ணாடியால் ஆனதுதான். அன்று கதவு திறந்ததோ வெகு தொலைவிலிருந்து வந்தோருக்கு. திறந்த பள்ளி என்பது செங்கல்லிலோ கண்ணாடியிலோ இல்லை. முதல் அழைப்பிதழ் யார் வீட்டுக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. அரசியல் தலைவரோடு படம் எடுத்துக்கொள்வதைச் சமய நல்லிணக்கம் என்று எண்ணி மயங்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு.

விருந்தினரால் நாம் பெறுவது

கதவைத் திறப்பதால் பயன் பெறுவோர் யார்? வருவோர் மட்டுமா? ஆழ்ந்து நோக்கினால், முதற்பயன் நமக்கே என்பது புலனாகும். மார்க்கப் புத்துயிர்ப்பு என்று நாம் கூறுவதும் இது பற்றியே.

வீட்டுக்கு விருந்தினர் வருகிறார் என்றால் என்ன செய்கிறோம்? முற்றத்தைப் பெருக்குகிறோம், ஒட்டடை அடிக்கிறோம், நேற்றுவரை கண்ணில் படாத அழுக்கு இன்று கண்ணில் படுகிறது. பள்ளிக்கும் இதுவே பொருந்தும். ஒளுச் செய்யும் இடத்தின் பாசி, செருப்புகள் தாறுமாறாய்க் கிடக்கும் வாயில், உள்ளே நிலவும் பிணக்குகள் யாவும் விருந்தினர் கண் கொண்டு பார்க்கும்போதுதான் நமக்கு உறுத்தும்.

அடுத்து, அவர்களின் கேள்விகள். 'ஐந்து வேளை ஏன்? கஅபாவை வணங்குகிறீர்களா? அரபியில் ஓதுவதன் பொருள் உங்களுக்குத் தெரியுமா?' கடைசிக் கேள்விக்கு நம்முள் எத்தனை பேர் தலைநிமிர்ந்து விடை கூற முடியும்? நாள்தோறும் பலமுறை ஓதும் ஃபாத்திஹா அத்தியாயத்தின் ஏழு வசனங்களுக்கும் பொருள் சொல்லத் திணறுவோர் நம்மிடையே இல்லையா? அண்டை வீட்டாரின் கேள்வி நம்மை மீண்டும் மதரஸாவின் பாயில் அமர்த்துகிறது. ழிமாமின் கேள்விகளால் பயனடைந்தவர் அவர் மட்டுமல்லர். சுற்றியிருந்த தோழர்களும் அல்லவா பாடம் கேட்டனர்?

'பெண்கள் எங்கே தொழுவார்கள்?' என்பது வந்து பார்க்கும் தாய்மாரின் முதற்கேள்வியாக இருக்கும். அண்ணலாரின் பள்ளியில் பெண்கள் வந்து தொழுதனர். இறைவனின் பள்ளிகளுக்குச் செல்வதைவிட்டு அவர்களைத் தடுக்கலாகாது என்று நாயகம் கூறியுள்ளார்கள். நம் பள்ளிகள் பலவற்றில் அவர்களுக்கென ஓர் இடமே இல்லாதிருப்பதை, அக்கேள்வி எழும்போதாவது நாம் எண்ணிப் பார்க்க மாட்டோமா?

ஒன்றை மட்டும் மறத்தல் ஆகாது. விருந்தினரை மதம் மாற்றும் வலையோடு காத்திருத்தல் விருந்தோம்பல் ஆகாது. மார்க்கத்தில் வற்புறுத்தல் இல்லை என்பது திருமறையின் தெளிவான நெறி. நஜ்ரான் கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களாகவே திரும்பிச் சென்றதை மேலே கண்டோம். அண்டை வீட்டாரின் உரிமை அவர் நம் சமயத்தவராவதைப் பொறுத்ததன்று. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள், தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான நம் அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே விசாரித்தார்கள். வானவர் ஜிப்ரீல் அண்டை வீட்டாரைப் பற்றித் தமக்கு விடாது வலியுறுத்தியதால், அவரைச் சொத்துக்கும் வாரிசாக்கிவிடுவாரோ என்று தாம் எண்ணியதாக நாயகம் கூறியதையே அவர்கள் அப்போது சான்று காட்டினார்கள்.

அச்சமும் கதவும்

'திறந்த கதவின் வழியே பகைவனும் வரக்கூடுமே?' என்பீர்கள். ஆம், வந்திருக்கிறான். 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் அந்நூர் பள்ளிவாசலின் வாயிலில் துப்பாக்கியோடு ஒருவன் வந்தான். அங்கு நின்றவர் அவனைச் சகோதரா என்றழைத்து முகமன் கூறினார். அடுத்த கணம் அவன் சுட்டான். இரு பள்ளிகளில் 51 பேர் உயிர் நீத்தனர்.

இதன்பின் கதவைப் பூட்டுவதே அறிவுடைமை என்று தோன்றலாம். அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததையும் பாருங்கள். அந்நகரின் திறந்தவெளிப் பூங்காவில் தொழுகை நடந்தது. பிற சமயத்து மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து சூழ்ந்து நின்றனர். கொலைகாரன் ஒருவன், காக்க வந்தோர் ஆயிரவர். பூட்டிய கதவு அவ்வொருவனை மட்டுமா தடுக்கும்? இவ்வாயிரவரையும் அல்லவா தடுத்துவிடும்?

காவல் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்பைச் சாட்டச் சொன்னவர்கள் நம் நாயகம். போர்க்களத்தில் ஒரு பகுதியினர் தொழ, மறு பகுதியினர் காவல் நிற்க வேண்டும் என்று திருமறையே முறை வகுத்திருக்கிறது. வாயிலில் காவலர் நிற்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். 2017 ஜூன் 19-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், ஃபின்ஸ்பரி பார்க்கில் தராவீஹ் தொழுது திரும்பிய மக்கள்மீது ஒருவன் வண்டியை ஏற்றினான், ஒருவர் மாண்டார். சினம் மிக்க கூட்டம் அவனைச் சூழ்ந்தபோது, அருகிலிருந்த தொழுமிடத்தின் இமாம் முஹம்மது மஹ்மூத் குறுக்கே நின்று, அவன்மேல் அடி விழாதவாறு காத்துப் போலீஸாரிடம் ஒப்படைத்தார். ஸுமாமாவைக் கட்டவிழ்த்த நெறி பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு லண்டன் தெருவில் உயிரோடு நின்றது. புத்துயிர்ப்பு என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

நம் படிக்கட்டில்

நம் நாட்டுக்குத் திரும்புவோம். நம்மவரின் கதவு எப்பொழுதும் மூடியே இருந்ததென்று கூறுவது நன்றியாகாது. ரமளானில் நோன்புக் கஞ்சியை வாங்கிச் செல்லப் பாத்திரத்தோடு வரும் பிற சமயத்துச் சிறாரை யார் அறியார்? 2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, பள்ளிவாசல்கள் பல சாதி சமயம் பாராது மக்களைத் தங்கவைத்தன. 2019 ஆகஸ்டில் கேரளத்தின் கவளப்பாறையில் மலை சரிந்து உயிர்கள் மாண்டபோது, அருகில் வசதியான மருத்துவமனை இல்லாமையால், போத்துக்கல் பள்ளிவாசலின் தொழுமிடமே பிரேதப் பரிசோதனைக்கு ஒப்படைக்கப்பட்டது. இறந்தவர் எச்சமயத்தார் என்று அங்கு யாரும் கேட்கவில்லை.

வெள்ளம் வந்தால் கதவு திறக்கிறது. மலை சரிந்தால் கதவு திறக்கிறது. வெயிலடிக்கும் சாதாரண நாளில் ஏன் திறக்கலாகாது? துன்பத்தில் அடைக்கலம் தந்த வீட்டை, இன்பத்தில் எட்டிப் பார்க்கவும் அண்டை வீட்டாருக்கு உரிமை வேண்டாமா?

ஜமாஅத் நிர்வாகத்தினரே! இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் குறியுங்கள். முதலில் உங்கள் தெருவிலுள்ள பத்து வீடுகளுக்கு நேரில் சென்று அழையுங்கள். பெண்களை வரவேற்கப் பெண்களையே நிறுத்துங்கள். பொறுமையோடு விடை தரும் இளைஞர் நால்வரைப் பழக்குங்கள். விடை தெரியாத இடத்தில் தெரியாதென்று ஒப்புக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். விருந்தினர் அறியாமல் காலணியோடு விரிப்பில் கால் வைத்துவிட்டால் முகம் சுளிக்காதீர்கள். பள்ளிக்குள்ளேயே சிறுநீர் கழித்த பாலைவனவாசியைத் தோழர்கள் அதட்டியபோது, அவரை விட்டுவிடச் செய்து, ஒரு வாளித் தண்ணீரால் அதனைக் கழுவச் சொன்ன நாயகத்தின் வழியினர் நாம்.

இப்பக்கத்தைப் படிக்கும் பிற சமயத்து அன்பர்களே! உங்கள் தெருப் பள்ளிவாசலைப் பற்றி ஐயம் ஏதும் உண்டாயின், ழிமாமைப் போல் வந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடை சொல்வது எங்கள் கடமை. பள்ளிவாசல்கள் இறைவனுக்கே உரியன என்று திருமறை கூறுகிறது. நாங்கள் அங்கே வாயில் காப்போரேயன்றி வீட்டுக்கு உடையோர் அல்லோம்.

இன்று மாலையும் மஃரிபுக்குப் பின் அந்தத் தாய் குழந்தையோடு படிக்கட்டருகே நிற்பார். ஓதி ஊதிவிட்டு வழக்கம்போல் சென்றுவிடாதீர்கள். குழந்தையின் பெயரைக் கேளுங்கள். உடல் நலமானதும் ஒரு நாள் குழந்தையுடன் உள்ளே வந்து பார்க்குமாறு கூறுங்கள். நம் மார்க்கம் நம்மிடையே புத்துயிர் பெறுவது அவ்வொரு சொல்லில் தொடங்கக்கூடும். அச்சொல்லைச் சொல்லும் நாவையும், அதற்கேற்ற நெஞ்சையும் வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.